மகுவும் யாதுவும்: கேமரன் மலைத் தோட்டத் தமிழை முன்வைத்து ஒரு சொல்வழி வரலாறு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். 1933இல் அகர்வால் என்னும் வட இந்தியக் குடும்பத்தார் பாரத் தோட்டத்தைத் தொடங்கினர். காடு அழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியோருள் பெரும்பாலோர் தமிழர். இத்தோட்டங்களின் தமிழ்ப் பேச்சில் மந்திரம், மாயம் தொடர்பாக வழங்கும் சொற்களைத் திரட்டிப் பார்த்தால் அவை வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்ந்திருப்பதைக் காணலாம். பிறர்க்குக் கேடு செய்வதாகக் கருதப்படும் சடங்கு சூனியம். இது வடமொழிச் சொல். குழந்தையின் அரையிலோ கழுத்திலோ கட்டுவது தாயத்து. இதன் மூலம் அரபு. மலாய் மருத்துவ மந்திரவாதி போமோ, இது மலாய். பள்ளிக் கலைநிகழ்ச்சி மேடையில் தொப்பிக்குள்ளிருந்து புறாவை எடுப்பது மேஜிக். இது ஆங்கிலம் தந்தது. இச்சொற்கள் கேமரன் மலைக்கே உரியன அல்ல. தீவகற்பத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் இவை வழங்குகின்றன. ஆயினும் தேயிலை விளையும் இம்மலையை முன்வைத்து இவற்றை நோக்குவதற்கு ஒரு காரணம் உண்டு.

தேயிலையின் பெயரே சொற்கள் பயணம் செய்யும் வழியை நமக்குக் கற்பிக்கிறது. சீனத்திலிருந்து அப்பெயர் இரு வடிவங்களில் புறப்பட்டது. தென்சீனக் கடற்கரையின் ஹொக்கியென் வழக்கில் அது 'தே'. சீனத்தின் பெரும்பகுதியில் அது 'ச்சா'. தரைவழியே சென்ற ச்சா பாரசீகத்தில் 'சாய்' ஆகி, அங்கிருந்து துருக்கிக்கும் வட இந்தியாவுக்கும் பரவிற்று. கடல்வழியே சென்ற தே மலாயில் 'தே'யாகவும், ஐரோப்பியர் வாயிலாக ஆங்கிலத்தில் 'டீ'யாகவும் நிலைபெற்றது. தமிழின் தேயிலை இக்கடல்வழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாரத் தோட்டத்து முதலாளியின் தாய்மொழியில் சாய், கொழுந்து கிள்ளிய பெண்ணின் மொழியில் தே என ஒரே செடிக்கு இரு வழிப் பெயர்களும் இம்மலையில் சந்தித்தன எனலாம்.

மந்திரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 'ஜாதூ' என்னும் பாரசீகச் சொல் காக்கேசிய மலைகள் தொடங்கி வங்காளம் வரை பரவியிருந்தும் தமிழின் பொதுவழக்கில் இடம்பெறவில்லை. ஆனால் மற்றொரு பாரசீகச் சொல், எவரும் பாரசீகம் என்று எண்ணாத வேடத்தில், தோட்டப்புறப் பள்ளி மேடை வரை வந்துவிட்டது. இவ்விரண்டும் பிறந்த மண்ணில் ஒன்றுக்கொன்று பகையான சொற்கள் என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாகும்.

பிறந்த மண்ணில்

பழம்பாரசீகத்தில் 'மகு' என்பது பூசகர் மரபினரின் பெயர். முதலாம் தாரயவஹு பெஹிஸ்தூன் பாறையில் பொறித்த கல்வெட்டில், கி.மு. 522இல் அரியணையைக் கைப்பற்றிய கௌமாதா என்பவனை 'மகு' என்றே குறிக்கிறான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் மகுக்களை மீதியரின் ஆறு குலங்களுள் ஒன்றாகக் கூறி, அவர்கள் இன்றிப் பாரசீகர் பலியிடுவதில்லை என்றும் எழுதுகிறார். ஜரதுஷ்டிர சமயத்தின் தலைமைப் பூசகரைக் குறிக்கும் 'மோபெத்' என்னும் சொல்லும் 'மகுபதி' என்பதன் திரிபே. எனவே மகு என்றால் தீ வளர்ப்பவர், மறை ஓதுபவர், சடங்கறிந்தவர் என்பதே பொருள்.

'யாது' என்பதோ இதற்கு நேர்மாறானது. அவெஸ்தா மொழியில் அது தீய மந்திரத்தையும் அதைச் செய்வோனையும் குறிக்கும். வீதேவ்தாத் என்னும் மறைநூற் பகுதியில், நல்ல நாடுகளைக் கெடுக்கத் தீய ஆவி படைத்த கேடுகளுள் ஒன்றாக யாதுக்கள் எண்ணப்படுகின்றனர். இதுவே நடுக்காலப் பாரசீகத்தில் 'ஜாதூக்' என்றும் பிற்காலத்தில் 'ஜாதூ' என்றும் ஆயிற்று. மொழிமுதல் யகரம் ஜகரமாவது அம்மொழியின் இயல்பு. வடமொழியின் யுவன் அங்கே ஜவான். யவம் என்னும் வாற்கோதுமை அங்கே ஜவ். தமிழோ அதே யகரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். யந்திரம் எந்திரம் ஆகும், யமன் எமன் ஆவான். ஒரே ஒலியை ஒரு மொழி வல்லோசையாக்கிக் கொண்டது, மற்றொன்று உயிரொலியாக்கிக் கொண்டது.

ஆக, பாரசீக மண்ணில் மகு சமயத்தின் காவலன். யாது அச்சமயத்தின் பகைவன். முன்னவனின் கடமைகளுள் ஒன்று பின்னவனை ஒடுக்குவது. இவ்வெதிர்நிலையை மனத்திற் கொண்டால்தான் இச்சொற்கள் எல்லை கடந்தபின் நேர்ந்தது விளங்கும்.

மேற்கே சென்ற மகு

கிரேக்கர் பாரசீகரோடு கி.மு. 490இலும் 480–479இலும் பெரும்போர் புரிந்தவர்கள். அவர்களுக்கு மகு பகைநாட்டுப் பூசகன். 'மகோஸ்' என்று கிரேக்கத்தில் ஒலிமாறிய அச்சொல், அதே நூற்றாண்டுக்குள் வசைச்சொல்லாகவும் மாறியது. சொபொக்ளிஸின் நாடகத்தில் மன்னன் ஈடிப்பஸ் தன் சொந்த நாட்டுக் குறிசொல்லியான தைரேசியஸைச் சினந்து திட்டும்போது அவனை மகோஸ் என்கிறான். தைரேசியஸ் பாரசீகனும் அல்லன், தீ வளர்ப்பவனும் அல்லன். அயலான் பெயரை ஒருவன்மேல் ஏற்றுவதே அங்கே வசை. அத்தகையோர் செய்வது 'மகேயா', இலத்தீனில் 'மாகியா'. கி.பி. முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றின் 30ஆம் நூலில் மாகியாவைக் கடுமையாகச் சாடி, அதன் தோற்றத்தைப் பாரசீகத்திலும் ஜரதுஷ்டிரரிடத்திலும் கொண்டு நிறுத்துகிறார். மந்திரத்தைப் பகையாகக் கருதிய ஒரு சமயத்தின் நிறுவனரே மந்திரத்தின் தந்தையாக்கப்பட்டார். சொல்வரலாற்றில் இதைவிடப் பெரிய முரண் எளிதில் கிடைக்காது. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பெற்றதுதான் 'மேஜிக்'.

இச்சொல்லின் இரட்டை முகத்தைத் தமிழ் வாசகர் தம் மொழியிலேயே காணலாம். விவிலியப் புதிய ஏற்பாட்டின் மத்தேயு நற்செய்தியில், கிழக்கிலிருந்து விண்மீனைத் தொடர்ந்து வருவோர் கிரேக்க மூலத்தில் 'மகோய்'. அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் பவுலை எதிர்ப்பவனும் 'மகோஸ்'. சீர்திருத்தச் சபையினர் வழங்கிவரும் தமிழ் விவிலியம் முன்னவர்களைச் 'சாஸ்திரிகள்' என்றும், பின்னவனை 'மாயவித்தைக்காரன்' என்றும் பெயர்த்தது. ஒரே சொல், இரு பெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர் பிழை செய்யவில்லை. மூலச்சொல்லே அதற்குள் இரண்டாகப் பிளந்திருந்தது. வணங்க வந்தவர் சாத்திரம் அறிந்தவர், எதிர்த்து நின்றவன் மாயக்காரன்.

கிழக்கே வந்த ஜாதூ

இந்தியாவுக்கு யாது பாரசீகத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஈரானியருக்கும் வேதகால மக்களுக்கும் அது பொதுச்சொத்து. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்து 104ஆம் பாடல் முழுவதும் யாது செய்வோர்க்கு எதிரானது. அதில் வசிட்டரே தம்மீது சுமத்தப்பட்ட பழியை மறுத்து, தாம் யாதுதானனாக இருந்தால் இன்றே இறக்கட்டும் எனச் சூளுரைக்கிறார். முனிவருக்கே அப்பழி வந்திருக்கிறது என்பது கருதத்தக்கது. பின்னாளில் யாதுதானர் என்பது அரக்கருக்கு ஒரு பெயராயிற்று. அப்பழஞ்சொல் பேச்சு வழக்கில் தேய்ந்து மறைந்த பிறகு, அதன் ஈரானிய உடன்பிறப்பான ஜாதூ பாரசீக மொழியின் கைபிடித்து வந்து சேர்ந்தது. வட இந்திய மொழிகளில் இயல்பாகத் திரிந்த சொல்லாயின் இடைநின்ற தகரம் மறைந்திருக்கும். வடமொழியின் 'சத' இந்தியில் 'சௌ' ஆனதை ஒப்பிடலாம். தகரம் தகரமாகவே நிற்பது அது கடனாக வந்தது என்பதற்குச் சான்று.

அச்சொல்லின் பரப்பு வியப்புக்குரியது. ஆர்மீனியம் நடுக்காலப் பாரசீக வடிவையே 'ஜதுக்' என ஏற்றது. ஜார்ஜியத்தில் 'ஜாதோ'; துருக்கியில் 'ஜாதி' என்றால் சூனியக்காரி; உஸ்பெக்கில் 'ஜோது'. இந்தி, உருது, பஞ்சாபி, குஜராத்தி, மராத்தி, வங்காளம், நேபாளி ஆகியவற்றில் ஜாதூ அன்றாடச் சொல். அச்சம் தரும் பொருள் மட்டுமே அதற்கு இல்லை. பாரசீக, உருதுக் கவிதை மரபில் காதலியின் கண்ணுக்கும் ஜாதூ உண்டு. உலகெங்கும் மேடையேறிய வங்க வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் (1913–1971) ஜாதுசம்ராட் என்று போற்றப்பட்டார். வங்காளத்தில் அருங்காட்சியகத்தின் பெயரே 'ஜாதுகர்', அதாவது மந்திர வீடு. 1814இல் தோன்றிய கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு மக்கள் இட்ட பெயர் அது. இன்று டாக்காவிலுள்ள வங்கதேசத் தேசிய அருங்காட்சியகத்தின் அரசு முறைப் பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது. சென்னைவாசிகளோ எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். வங்காளிக்கு மாயமாகத் தோன்றியது தமிழனுக்குக் கல்லூரியாகத் தோன்றியிருக்கிறது. இதிலிருந்து தேசிய குணங்களை வருவிக்க வேண்டியதில்லை. ஜாதூ என்னும் சொல் கையிலிருந்தவன் அதைப் பயன்படுத்தினான், இல்லாதவன் வேறு சொல் தேடினான், அவ்வளவே.

வட இந்திய நகரங்களில் ஆங்கிலேயர் தம் ஃப்ரீமேசன் கூடங்களைக் கட்டி, கதவடைத்துச் சடங்குகள் நடத்தியபோது, உள்ளூர் மக்கள் அக்கட்டடத்தையும் ஜாதுகர் என்றனர். யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சன் இதைப் பதிவு செய்கிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. கிப்ளிங்கின் 'கிம்' நாவலிலும் லாகூரின் கூடம் இப்பெயரோடு வருகிறது. கிரேக்கன் பாரசீகப் பூசகனுக்குச் செய்ததையே இந்தியன் ஆங்கிலேயனுக்குச் செய்திருக்கிறான்: பொருள் விளங்காத அயலார் சடங்குக்கு மந்திரம் என்று பெயர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஆளப்படுவோர் ஆள்வோர்க்கு இட்ட பெயர் சட்டமாவதில்லை.

சட்டத்திலும் இச்சொல் ஏறியதுண்டு, ஆனால் வேறு கையால். மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக நெடுங்காலம் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வலியுறுத்தி வந்த சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறியது. மராத்தி மக்கள் அதை 'ஜாதூடோணா' எதிர்ப்புச் சட்டம் என்றே வழங்குகின்றனர். கவிதையில் காதலியின் கண்ணாக இருந்த சொல் அங்கே குற்றவியல் சொல்லாகி, ஓர் உயிரின் விலையும் அதன்மேல் ஏறியுள்ளது.

ஜாதூ இவ்வாறு பரவ, மகு இந்தியாவுக்கு வரவில்லையா? வந்தது, மதிப்போடு வந்தது. சூரிய வழிபாட்டைக் கொணர்ந்த 'மகர்' என்னும் பூசகர் பற்றிப் பவிஷ்ய புராணம் பேசுகிறது. கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் சூரியன் திருவுருவை நிறுவ உரியோர் மகரே என்கிறார். பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளில் வாழும் சாகத்வீபி அந்தணர் இவர்தம் வழியினராகத் தம்மைக் கூறிக்கொள்வர். மேற்கே பகைவனாகச் சந்திக்கப்பட்ட மகு மாயக்காரனானான்; கிழக்கே விருந்தினனாக ஏற்கப்பட்டவன் அந்தணனானான். சொல்லின் பொருளை ஒலியோ வேர்ப்பொருளோ தீர்மானிக்கவில்லை. அதை ஏற்றவர்க்கும் அதற்குரியவர்க்கும் இருந்த உறவே தீர்மானித்தது.

தமிழகத்தின் வாயில்

தமிழில் பாரசீகச் சொற்கள் குறைவல்ல. குமாஸ்தா, சிப்பாய், தர்பார், ரசீது, பந்தோபஸ்து, ஜமீன்தார், தாசில்தார் எனப் பலவற்றை எண்ணலாம். இவற்றுள் தாசில் போன்ற சில பகுதிகள் அரபாயினும் பாரசீகத்தின் கைவழியே வந்தவை. பட்டியலைப் பார்த்த அளவிலேயே ஓர் உண்மை புலப்படும்: இவை அலுவலகம், படை, வரி, கடைத்தெரு சார்ந்தவை. பீஜப்பூர், கோல்கொண்டா அரசுகளின் படையெடுப்பாலும், தஞ்சை மராட்டியர் ஆட்சியாலும், ஆர்க்காட்டு நவாபுகளின் நிருவாகத்தாலும் வந்தவை. கச்சேரி வாசல்வரை வந்த பாரசீகம் அடுப்படிக்கும் கோயிலடிக்கும் செல்லவில்லை. மந்திரச் சொல்லோ அங்கேதான் வேலை செய்ய வேண்டும். பாமினி அரசு தோன்றிய 1347 முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தக்காண சுல்தான்களின் ஆட்சிக்குள் நெருங்கி வாழ்ந்த கன்னடம் ஜாதூவை ஏற்றுக்கொண்டது. இன்றும் கன்னடத்தில் மேடை வித்தைக்காரர் 'ஜாதூகார'.

இடம் காலியாக இல்லை என்பதும் ஒரு காரணம். மாயம், மந்திரம், வித்தை, சூனியம் என வடமொழி வழி வந்தவை முன்னரே அமர்ந்திருந்தன. அவற்றுக்கும் அடியில் தமிழின் சொந்தச் சொற்கள் உள்ளன: செய்வினை, ஏவல், வைப்பு, கட்டு, கழிப்பு. இவை யாவும் செயலின் பெயர்கள். செய்தான், ஏவினான், வைத்தான், கட்டினான், கழித்தான் என்னும் வெறும் வினைகளே அச்சத்தின் பெயர்களாயின. அறிந்தவன் செய்வதைச் செயலால் சுட்டுகிறோம். அறியாதவன் செய்வதை அவன் குலத்தின் பெயராலோ மொழியாலோ சுட்டுகிறோம். இவ்வேறுபாடு விரிவாக ஆராயத்தக்கது.

தமிழ் முஸ்லிம்களின் வழக்கு இவ்வழி வரலாற்றுக்கு வலுவான சான்று தருகிறது. வட இந்திய முஸ்லிம்களின் நமாஸ், ரோஜா என்னும் பாரசீகச் சொற்களுக்கு மாறாகக் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு என்றனர். மலாய் முஸ்லிம்கள் 'செம்பஹ்யாங்', 'புவாசா' என்றனர். பின்னது உபவாசம் என்னும் வடசொல்லின் திரிபு. இரு கடற்கரைகளிலும் இசுலாம் பாரசீகப் படையோடன்றி அரபு வணிகத்தோடு வந்தமையே இதன் காரணம். மந்திரச் சொல்லிலும் அவ்வாறே: அரபின் 'சிஹ்ர்' தமிழ் முஸ்லிம் வழக்கிலும் உண்டு, மலாயில் 'சிஹிர்' எனவும் உண்டு. வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் உருது பேசுவோரிடம் ஜாதூ இருக்கிறது. நாகூர், காயல்பட்டினத் தமிழில் அது வேர்கொள்ளவில்லை. தேயும் சாயும் போலவே சிஹ்ரும் ஜாதூவும் கடலும் தரையுமாகப் பிரிந்து நிற்கின்றன.

விதிவிலக்கு தாயத்து. அரபில் 'தஃவீத்' என்றால் அடைக்கலம் கோருதல். பாரசீகத்திலும் உருதுவிலும் அது 'தாவீஸ்' ஆகி, மறைமொழி எழுதிய காப்பைக் குறித்தது. தமிழின் தாயத்து இதன் வழிப்பட்டது என்பர். தர்காவில் ஓதிக் கட்டப்பட்ட பொருளாக அது வந்தது. பொருள் கைமாறியபோது பெயரும் உடன் மாறியது. இந்துக் குடும்பங்களும் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டதால் இன்று அதை அயற்சொல்லாக எவரும் உணர்வதில்லை. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களோடு இச்சொல்லும் வந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலைத் தடை செய்யும்வரை அவ்வோட்டம் நீடித்தது.

மலாய் மண்ணில்

மலாயில் பாரசீகம் துறைமுக மொழியாக நுழைந்தது. பண்டார், பாசார், நக்கோடா, சௌடாகார் முதலியவை அதன் முத்திரைகள். தமிழும் மலாயும் பகிர்ந்துகொண்டவையும் உள. நம் பீங்கானும் மலாயின் 'பிங்கானும்' ஒரே பாரசீகச் சொல். 'தமாஷா' தமிழில் தமாஷ் ஆகி நகைச்சுவையாயிற்று; மலாயில் 'தமாஷ்யா' ஆகி உலாவும் கேளிக்கையுமாயிற்று. ஆனால் மந்திரத்துறையில் மலாய் நாடியது வடமொழியையும் அரபையும்: மந்தெரா, சக்தி, சிஹிர், அஸிமாத். குணம் என்னும் வடசொல் மலாயில் 'குணா-குணா' என இரட்டித்து மயக்கு மந்திரத்தைக் குறிப்பது தமிழாசிரியர்க்கு வியப்பளிக்கும். மந்திரம், மந்திரி என்னும் உறவுச் சொற்களுள் முன்னது மந்தெராவாகிப் போமோவிடமும், பின்னது மெந்தெரியாகி அமைச்சரவையிலும் அமர்ந்தன.

மகுவும் மலாய்க்கு வந்தது, அதுவும் இருமுறை. அரபின் 'மஜூஸ்' குர்ஆனின் 22ஆம் அத்தியாயத்தில் ஒரு சமயத்தாரின் பெயராக வருகிறது. மலாயில் அது 'மஜூசி'. ஆங்கிலத்திலிருந்து வந்தது 'மேஜிக்'. அகராதியில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் உடன்பிறப்பென்று அறியாமலே கிடக்கின்றன.

அச்சொல் இங்கு வெறும் சொல்லாக வரவில்லை. ஆய்வுத் தலைப்பாக வந்தது. டபிள்யூ. டபிள்யூ. ஸ்கீட் 1900இல் வெளியிட்ட பெருநூலின் பெயர் 'மலாய் மேஜிக்'. ஆர். ஓ. வின்ஸ்டெட் 1925இல் வெளியிட்ட நூலின் தலைப்பு ஷாமன், சைவர், சூஃபி என்னும் மூன்று பெயர்களைக் கொண்டது. அதன் துணைத்தலைப்பு மலாய் மேஜிக்கின் வளர்ச்சி பற்றியது. ஷாமன் சைபீரியச் சொல், சைவம் இந்தியச் சொல், சூஃபி அரபுச் சொல், மேஜிக் பாரசீகச் சொல். பாவாங், போமோ என்று அம்மக்கள் தம்மவரை அழைத்த சொற்களுக்குத் தலைப்பில் இடம் கிடைக்கவில்லை. அந்நூல்களின் தரவுச் செல்வத்தைக் குறைத்துக் கூறுவதற்கில்லை. இன்றும் அவற்றை விலக்கி எவரும் இத்துறையில் எழுத இயலாது. தலைப்பு ஒரு மதிப்பீட்டைச் சுமந்து வந்தது என்பதே ஈண்டுச் சொல்ல வருவது. தமிழகத்திலும் எட்கர் தர்ஸ்டன் 1912இல் வெளியிட்ட நூல் சகுனங்களையும் 'மூடநம்பிக்கைகளையும்' தலைப்பிலேயே இணைத்து, மந்திரச் சடங்குகளை அவற்றின்கீழ் அடக்கியது.

வின்ஸ்டெட்டின் நூல் வெளிவந்த 1925ஆம் ஆண்டில்தான் ஜார்ஜ் மேக்ஸ்வெல் கேமரன் மலைக்கு வந்து, அதை மலை வாழிடமாக வளர்க்கும் திட்டத்துக்கு வித்திட்டார். தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. பின்னே தேயிலையும் தமிழரும் ஏறினர். வில்லியம் கேமரன் 1885இல் அம்மலையை அளக்கச் சென்றதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்த செமாய் மக்களுக்குத் தம் மருத்துவ ஆவியாடியைக் குறிக்க 'ஹாலாக்' என்ற சொல் இருந்தது. அதுவும் ஆங்கில நூல்களில் ஷாமனாகவும் மேஜிக்காகவும் பெயர்க்கப்பட்டது.

தோட்டத்து வழக்கும் பள்ளி அகராதியும்

இம்மலைத் தோட்டங்களில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில்களும் முனியாண்டிச் சன்னதிகளும் உண்டு. அங்கு நிகழ்வனவற்றுக்குத் தோட்டத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன: சாமி இறங்குதல், வாக்குச் சொல்லுதல், குறி கேட்டல், திருநீறு போடுதல், வேப்பிலை அடித்தல், கண்ணேறு கழித்தல். இவற்றுள் எதையும் தோட்டத்தார் மந்திரம் என்ற பொதுப்பெயரால் அழைப்பதில்லை. சூனியம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. சூனியம் எப்போதும் மற்றவர் வைப்பது. மலாய் மருத்துவரிடம் சென்றால் போமோவிடம் போனதாகவே சொல்வர். பூசாரி என்றோ கோடாங்கி என்றோ அவரைத் தமிழாக்குவதில்லை. மலேசியத் தமிழ் நாளேடுகளும் போமோவைப் போமோவாகவே எழுதுகின்றன. ஏளனத்தால் அன்று, இவர் வேறு, அவர் வேறு என்னும் தெளிவால். பாரசீகச் சொற்களின் பயணத்தில் கண்ட எல்லைக்கோட்டை எழுதப் படிக்க அறியாத தலைமுறையும் துல்லியமாகப் போட்டிருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், அயலானின் பெயரை வசையாக்காமல் பெயராகவே வைத்துக்கொண்டதில் அவர்கள் கிரேக்கரினும் நேர்மையாளர்.

பள்ளிக்கு வந்ததும் இத்தெளிவு குலைகிறது. மேடை வித்தைக்குத் தமிழில் கண்கட்டு வித்தை என்ற அழகிய தொடர் உண்டு. மலாயில் அதற்கு 'சிலாப் மாத்தா', கண்ணின் பிழை. இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியவையல்ல. இரு மொழியினரும் ஏமாறுவது கண்ணே எனக் கண்டிருக்கின்றனர். மேஜிக் என்பதற்கு இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் பொருந்தும். ஆனால் மும்மொழிச் சொற்பட்டியல் வேண்டும்போது மந்திரம் என்பதற்கு நேராக மேஜிக் என்று எழுதிவிடுகிறோம். தொல்காப்பியச் செய்யுளியல், நிறைமொழி மாந்தர் தம் ஆணையாற் கூறும் மறைமொழியே மந்திரம் என வரையறுக்கிறது. அங்கே கண்கட்டும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஏறத்தாழப் பாரசீக மகு தீயின்முன் செய்ததற்குரிய விளக்கம் அது. மகு ஓதியதைக் கிரேக்கன் மகேயா என்றான். அதே சொல்லை நாம் சுற்றிவளைத்துப் பெற்று, நம் மந்திரத்தின்மேல் நாமே ஒட்டுகிறோம். திருமந்திரம் என்னும் நூற்பெயரை மாணவர் ஆங்கிலத்தில் பெயர்க்க முற்பட்டால் எந்த ஆசிரியரும் மேஜிக் என்ற சொல்லை ஒப்பமாட்டார். தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசாரி முணுமுணுப்பதைப் பற்றி அதே மாணவர் கட்டுரை எழுதினால், அச்சொல் திருத்தப்படாமலே நின்றுவிடுகிறது.